பதினாறு நீளமும் இடது தோளும்

எங்கள் ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஆட்கள் சுகம் விசாரிப்பார்கள். நோவு என்றால் காரணம் விசாரிப்பார்கள். காய்ச்சல் வந்தவள் பாவம். நோவு வந்தவள் ஏதோ செய்திருக்கிறாள். என் இடது தோள் உளையத் தொடங்கிய முதல் கிழமையிலேயே இது எனக்கு விளங்கிவிட்டது.

என் தையல் மெசினுக்கு மேலே சுவரில் இரண்டு தட்டுகள். மேல்தட்டில் நூல் கட்டைகள் இருக்கும். ஒரு நாள் காலை கறுப்பு நூலை எடுக்கக் கையை உயர்த்தினேன். பாதி உயரம் தாண்டியதும் தோள்மூட்டின் முன்பக்கத்தில் குண்டூசி ஏறியது போல ஒரு குத்து. கையை இறக்கினேன், நின்றுவிட்டது. மறுபடி உயர்த்தினேன், அதே உயரத்தில் அதே குத்து. ஹபாயாவுக்கு அளவு கொடுக்க வந்திருந்த பக்கத்து வளவு ராத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்னகா, கை ஏறுதில்லயா?"

"கொஞ்சம் உளையுது ராத்தா."

"உளையாம? கிழமயில அஞ்சு நாளைக்கித் தண்ணிக்க கிடக்கிறீங்க. வாயு ஏறியிரிக்கி. நீங்க என்ன மீனா?"

அவர் அந்தக் காரணத்தை எங்கள் ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிட்டுப் போனார். அஸர் தொழுகைக்கு முன்பே வேறு காரணங்கள் வந்து சேர்ந்தன. கண்ணூறு என்றார் ஒருவர். பனிக்குக் கதவைத் திறந்துவைத்துப் படுக்கிறேன் என்றார் இன்னொருவர், நான் எப்படிப் படுக்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னதோ. வாய்க்குப் பேர்போன ஒரு மாமி மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார்: "நாப்பத்தொரு வயசில ஒருத்திக்கு நீச்சலா கேக்குது? தோளுக்கு வெக்கம் வந்திரிக்கி." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வசனத்தை மறக்கவும் முடியவில்லை. நல்ல வசனத்துக்கு நான் எப்போதும் தோற்றுப்போகிறவள்.

நான் நீந்தப் பழகியது முப்பத்தேழு வயதில். கல்முனையில் கடற்கரை வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே எங்கள் வீடு. அலைச் சத்தத்தில்தான் நித்திரை. ஆனாலும் கடல் எங்களுக்கு, பெண்களுக்கு, முழங்கால் வரைக்கும்தான். பிறகு கட்டாரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கடற்கரைப் பக்கம் விருந்தினர் விடுதி ஒன்று கட்டினார். அதில் ஒரு நீச்சல் தடாகம். இருபத்தைந்து மீற்றர் என்று பலகை போட்டிருந்தார். என் அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். நாலு விரல் குறைவு. கிழமையில் மூன்று காலைகள் எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை பெண்களுக்கு என்று ஒதுக்கினார். சுற்றிவரத் தகரம், அதற்கு மேல் பச்சை வலை, கதவுக்கு உள்ளேயிருந்து பூட்டு.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. நான் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பழகினேன். முதல் மாதம் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. மிதக்கத் தெரிந்த நாளில் கூடவந்தவர்கள் "எப்படிக்கா?" என்று கேட்டார்கள். ஒருத்தியின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக் காட்டினேன். அப்படித்தான் நான் வாத்தியாரம்மா ஆனது. நாலு வருடத்தில் இருபத்திரண்டு பேர் என் கையைப் பிடித்து நீந்தப் பழகினார்கள்.

தோள் உளையத் தொடங்குவதற்கு மூன்று கிழமைக்கு முன் விடுதி முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ராத்தா, நான் உங்களக் குறை சொல்லல்ல. ஆனா தண்ணிக்க ஆருக்கும் ஒண்டு நடந்தா என்னத்தான் கேப்பாங்க. சேட்டிபிகட் உள்ள பொம்புளயாள் ஒராள் வேணும். இல்லாட்டி டிசம்பர் லீவோட பொம்புளயள்ர நேரத்த நிப்பாட்டத்தான் வேணும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பிழை இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அந்தச் சேட்டிபிகட்டுக்குப் பரீட்சை மட்டக்களப்பில். கொழும்பிலிருந்து வந்து நடத்துவார்கள். பதினாறு நீளம், அதாவது கரைக்குக் கரை பதினாறு தரம், நிற்காமல் நீந்த வேண்டும். பிறகு ஒரு ஆளை, நீரில் தத்தளித்தவர் போல், ஒரு நீளம் இழுத்துக்கொண்டு வரவேண்டும். பத்துக் கிழமை இருந்தது. இருபத்திரண்டு பேரில் வேறு யாரும் பெயர் கொடுக்க முன்வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை; உண்மையைச் சொன்னால், அந்தச் சேட்டிபிகட் என் பெயரில் சுவரில் தொங்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

என் கணவரின் தங்கச்சி கணித ரீச்சர். முதல் நாள் என்னைப் பகிடி பண்ணத்தான் தடாகத்துக்கு வந்தாள்; பிறகு என்னைவிட நன்றாக நீந்தத் தொடங்கிவிட்டாள். அவள் எனக்கு மச்சி, நான் அவளுக்கு மதினி.

"மதினி, நீங்க நாலு நீளத்துக்கே பஸ் புடிக்க ஓடின ஆள் மாதிரி மூச்சு வாங்கிறீங்க. பதினாறுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"கூட்டிக்கிட்டுப் போறதுதான்."

கூட்டினேன். நாலிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு, இரண்டு கிழமையில் பதினாறு. மூன்று காலை போதாதென்று முதலாளியிடம் கேட்டு இன்னும் இரண்டு காலை வாங்கினேன். கை சோர்ந்தால் மிதவைப் பலகையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக் காலை மட்டும் அடிப்பேன். அதைத்தான் ஓய்வு என்று நினைத்திருந்தேன். மூன்றாம் கிழமை கறுப்பு நூல் எட்டவில்லை.

முதலில் நெரிவு பார்க்கிற ஒரு பெண்மணியிடம் போனேன். அவர் கை கால் சுளுக்கில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சூடான எண்ணெய் போட்டு உருவினார், சுகமாக இருந்தது. பிறகு "பூட்டு விழுந்திரிக்கி" என்று சொல்லி, கையைப் பிடித்துத் தலைக்கு மேலே ஒரே இழுவை. நான் கத்திய கத்தலில் அவர் வீட்டுக் கோழி கூரையில் ஏறிவிட்டது. அடுத்த இரண்டு நாள் சீப்பு எடுத்துத் தலை வாரமுடியவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, மர வாங்கில் இரண்டரை மணித்தியாலம் குந்தியிருந்து, ஒரு டொக்டரைப் பார்த்தேன்.

"எங்க நோவு?"

"தோள்ல."

"என்ன வேலை?"

"தையல். மறுகா நீந்துறயும்."

பேனை நின்றது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், ஹபாயாவைப் பார்த்தார், பேனை மறுபடி ஓடியது. "நீந்தாதீங்க. குளிசை அஞ்சு நாளைக்கு."

கை சுட்டுக்கொண்டு வந்தவளிடம் சமைக்காதே என்று சொல்லலாம். மத்தியானம் அவள் என்ன தின்பாள் என்று யார் யோசிப்பது? ஆனாலும் அவர் சொல்லைக் கேட்டேன். பன்னிரண்டு நாள் தடாகத்தின் பக்கம் போகவில்லை. குளிசை விழுங்கினேன், வலப்பக்கம் சரிந்து படுத்தேன், பாரம் தூக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கறுப்பு நூல் தானாக என் கைக்கு வந்தது. இரண்டு தரம் எடுத்து இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை தண்ணீரில் இறங்கினேன்.

மூன்றாவது நீளத்தில் அதே இடத்தில் அதே குண்டூசி.

அன்று தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நோவால் அல்ல. நோவு ஒரு சாதாரண நோவுதான், பிள்ளை பெற்றவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. பன்னிரண்டு நாள் வீணாய்ப் போனதே, அதற்காக. பரீட்சைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. எங்கே பிழை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. என் கணவர் பஸ் டிப்போவில் வேலை செய்கிறவர், எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார். அவரே கைவிட்டுவிட்டார். "விடுங்கவன். பொம்புளயள்ர நேரம் நிண்டா நிக்கட்டும்" என்றார்.

மச்சிதான் விடவில்லை. "மதினி, ஊரே உங்கட தோளப் பத்திக் கதைக்குது. ஒராள் கூடத் தோளப் பாக்கல்ல. பிசியோகிட்டப் போவம், எழும்புங்க."

இயன்மருத்துவப் பிரிவில் இருந்தவர் தம்பிலுவில் ஊர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். தடாகத்திலிருந்து நேராகப் போயிருந்தோம். என் ஈரச் சட்டை பையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குப் பாதி சுகம் வந்துவிட்டது.

"அக்கா, நீங்க எப்படி நீந்துறீங்க எண்டு காட்டுங்க."

"இஞ்ச தண்ணி இல்லயே தங்கச்சி."

"கட்டில் இருக்குதானே."

திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் வீசி நீந்தினேன். மச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிசியோ சிரிக்கவில்லை, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"வலப்பக்கம் மட்டுந்தான் மூச்செடுக்கிறீங்க. இடப்பக்கம் திரும்புங்க பாப்பம்."

திரும்பினேன். பாதியில் கழுத்து நின்றது. இடது தோளில் ஸ்கார்ஃபைக் குத்தியிருந்த பின் இழுத்தது.

"அது என்ன?"

"பின்."

"தண்ணிக்குள்ளயும் இப்படித்தானா?"

"தண்ணிக்க ரெண்டு பின்."

தண்ணீரில் ஸ்கார்ஃப் மேலே கிளம்பாமல் இருக்க, அதன் நுனியை இடது தோளில் சட்டையோடு சேர்த்து இரண்டு பின் குத்துவது என் கண்டுபிடிப்பு. தகரமும் வலையும் பூட்டும் இருந்தாலும், தூரத்தில் ஒரு மாடி கட்டுகிறார்களே என்று எனக்கு நிம்மதி இல்லை. இடப்பக்கம் திரும்பினால் இழுக்கும். அதனால் நாலு வருடமாக ஒவ்வொரு மூச்சையும் வலப்பக்கமே எடுத்திருக்கிறேன். வலப்பக்கம் தலையைத் தூக்கும்போதெல்லாம், விழாமல் இருக்க, முன்னால் நீட்டிய இடது கையால் தண்ணீரை அழுத்தியிருக்கிறேன். தலையின் பாரம், உடம்பின் பாரம், எல்லாம் அந்த ஒரு தோளில்.

"சட்டையையும் போட்டுக்காட்டுங்க" என்றார்.

ஈரச் சட்டையை உடுப்புக்கு மேலேயே போட்டேன். நான் வெட்டித் தைத்தது. முழங்கால் வரைக்கும் நீளம், முழுக்கை, தாராளமான தொளதொளப்பு. "ரெண்டு கையையும் தூக்குங்க." தூக்கினேன். சட்டையின் விளிம்பு முழங்காலிலிருந்து ஒரு சாண் மேலே ஏறியது.

"பாத்தீங்களா? கை உயர முழுச் சட்டையும் வருது. ஒவ்வொரு வீச்சுக்கும் நீங்க கையை மட்டும் தூக்கல்ல. தண்ணி குடிச்ச இந்தச் சட்டையையும் சேத்துத் தூக்குறீங்க."

நான் இருபது வருடத் தையல்காரி. கைக்குழியைத் தாழ்த்தி வெட்டினால் கை தூக்கும்போது உடம்புத் துணி கூடவே வரும் என்று என்னிடம் பழக வந்த முதல் பிள்ளைக்கு முதல் கிழமையே சொல்லிக்கொடுத்தவள். ஹபாயா போட்டவள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கையைத் தலைக்கு மேலே தூக்குவாள்? அதனால் தாழ்த்தி வெட்டுவோம், காற்றோட்டமாக இருக்கும். அதே வெட்டைத் தண்ணீருக்கும் வெட்டிவிட்டேன். நான் வீடியோவில் பார்த்த பெண்கள் கையில் துணி இருக்கவில்லை. அவர்களுடைய வீச்சைப் பார்த்துப் படித்தேனே தவிர, என் கையில் இருந்த துணியை யோசிக்கவில்லை.

பிறகு அவர் என் கையை மெதுவாக உயர்த்தி, மடக்கி, வெளியே தள்ளச் சொல்லி, தான் உள்ளே அழுத்தி, எங்கே குத்துகிறது, எங்கே பலம் குறைகிறது என்று பார்த்தார். தோள்மூட்டு ஒரு சின்னத் தட்டில் வைத்த பெரிய பந்து போல என்று விளங்கப்படுத்தினார். பந்து நழுவாமல் நாலு சின்னத் தசைகள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றின் நார் ஒன்று மேலே இருக்கிற எலும்புக்குக் கீழால் போகிறது. நாள்முழுக்க மெசினுக்குக் குனிந்து குனிந்து என் தோள்கள் முன்னால் விழுந்துவிட்டன, முதுகுப் பக்கத்துத் தசை சோம்பிவிட்டது. அப்படியான தோளை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தரம் சுழற்றினால் அந்த நார் உரசி வீங்கும். நான் பெருவிரல் முதலில் போகிற மாதிரிக் கையைத் தண்ணீரில் குத்துவதும் பிழை. அது மூட்டை உள்பக்கம் முறுக்கும். இரண்டு கிழமையில் நாலைப் பதினாறு ஆக்கியது எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. மிதவைப் பலகையை நீட்டிப் பிடித்து நான் எடுத்த ஓய்வு ஓய்வே இல்லை, அது தோளை அந்த நசிகிற நிலையிலேயே வைத்திருந்தது.

"கிழிஞ்ச மாதிரித் தெரியல்ல. ஆனா கை பலமில்லாமப் போனா, இராவையில நித்திரை கொள்ள ஏலாம நோவு கூடினா, உடன வாங்க, ஸ்கேன் எடுக்கணும்."

"அப்ப நீந்தலாமா?"

"காலால நீந்துங்க, கையை உடம்போட வச்சு. மல்லாந்தும் நீந்தலாம், கை வீசாம. முழுசா நிப்பாட்ட வேணாம், நிப்பாட்டினா இன்னும் பலம் போகும். ஆறு கிழமை இந்தப் பயிற்சி. பிறகு கையைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்க. பதினாறு நீளத்துக்கு மூணு மாசம் வைங்க."

"எனக்குச் சோதினைக்கு ஆறு கிழமதான் இரிக்கி."

"அடுத்தமுறை செய்யுங்க அக்கா."

"அடுத்தமுறைக்கு வகுப்பு இரிக்காது தங்கச்சி."

"உங்கட தோளுக்குச் சோதினைத் திகதி தெரியாதே அக்கா" என்றார்.

வெளியே வந்ததும் மச்சி சொன்னது இன்னும் குத்துகிறது. "மதினி, எங்க எல்லாருக்கும் இதே சட்டையத்தானே தைச்சுத் தந்தீங்க?"

ஓம், இருபத்திரண்டு பேருக்கும். அளவு மட்டும்தான் வேறு. பின் குத்துகிற முறையும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவர்களில் நாலு பேர் "ராத்தா, தோள் உளையுது" என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். பழகப் பழகச் சரியாகும் என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். டொக்டர் பேனையை எடுத்து இரண்டு சொல்லில் என்னை அனுப்பினாரே என்று இவ்வளவு ஆத்திரப்பட்டவள், அவர்களை ஒரு சொல்லில் அனுப்பியிருந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கும் மற்றவர்களுக்கும் புதிதாக வெட்டினேன். கைக்குழியை அக்குளோடு ஒட்ட உயர்த்தி, அக்குளில் இழுபடுகிற துணியில் ஒரு சதுரத் துண்டு வைத்து, கையை ஒடுக்கித் தைத்தேன். ஸ்கார்ஃபுக்குப் பதிலாக முகத்தைச் சுற்றி இறுகி நிற்கிற தொப்பி, அதைக் கழுத்தோடு சேர்த்துத் தையல். பின் ஒன்றும் இல்லை. போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினேன், விளிம்பு அசையவில்லை. நெற்றியிலிருந்து நாடிவரை முகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. முன்பைவிட மறைவு. இதைச் செய்ய நாலு வருடம் எடுத்திருக்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மெசினை நிறுத்தி எழும்பித் தோளைப் பின்னால் இழுக்கச் சொல்லியிருந்தார் பிசியோ, அதையும் செய்தேன். வாடிக்கையாளர்கள் "ஏன்கா, ஆரையும் அடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள்.

பயிற்சிக்குச் சைக்கிள் டியூப். பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு வைத்து, இடையில் சுருட்டிய துவாய் ஒன்றைச் செருகி, கதவைத் திறப்பது போல் கையை வெளியே இழுக்க வேண்டும். பதினைந்து தரம், மூன்று முறை, பகல் ஒருதரம் மாலை ஒருதரம். பிறகு சுவரைத் தள்ளுவது. இதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. பட்டன்துளை தைப்பதுகூட இதற்குப் பக்கத்தில் கல்யாணவீடு.

"ஜன்னலக் கழட்டாம விடமாட்டீங்க போல" என்றார் என் கணவர்.

"ஒண்டு ஜன்னல் கழரும், இல்லாட்டி நோவு கழரும்."

"நோவு கழண்டாச் சொல்லுங்க, ஜன்னலுக்கு ஆணி அடிக்கிறன்."

மூன்றாம் கிழமை முடிவில் தோள் வாய் மூடியிருந்தது. தட்டில் கை எட்டியது, தலை வாரமுடிந்தது, இடப்பக்கம் திரும்பி மூச்செடுக்கப் பழகினேன். முதலில் மூக்கால் தண்ணீர், பிறகு காற்று. புதுச் சட்டை மீன் தோல் போல் இருந்தது. காலால் மட்டும் நீந்து என்று சொன்னவர் தம்பிலுவிலில் இருந்தார், நான் தண்ணீரில் இருந்தேன். ஒரு நீளம் கை வீசிப் பார்த்தேன். நோகவில்லை. இன்னொன்று. பிறகு எண்ணத் தொடங்கிவிட்டேன். பதினாறு. ஒரு குத்தும் இல்லை. கரையேறி இருபத்திரண்டு பேருக்கும் கேட்கக் கத்தினேன்.

மறுநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்க முடியவில்லை.

மச்சி வந்து பார்த்தாள். பாவப்படுவாள் என்று நினைத்தேன். "உங்களுக்குச் சுகம் வேணுமா, சேட்டிபிகட் வேணுமா? ஒண்டச் சொல்லுங்க."

"ரெண்டும்."

"அப்ப இடது தோள் ஒண்டு புதிசா வெட்டித் தைச்சுப் போடுங்க. தையல்காரிதானே."

அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. என்னோடும் நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் டியூப்பை மறுபடி கட்டினேன், முதல் நாள் செய்த அளவில் பாதியிலிருந்து.

பரீட்சை நாளன்று மச்சி லீவு போட்டுக்கொண்டு என்னோடு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். இழுத்துக்கொண்டு வர ஒரு ஆள் தேவை, அவள்தான் அந்த ஆள். நடத்தியவர் கொழும்புப் பெண்மணி, கொஞ்சம் கொஞ்சம் தமிழ் தெரியும். எந்த நீச்சலும் நீந்தலாம், நின்றால் மட்டும் முடிந்தது என்று சொன்னார். எனக்கு உயிர் வந்தது. தவளை நீச்சலில் கையைத் தலைக்கு மேலே வீசத் தேவையில்லை; முன்னால் நீட்டி, சின்னதாக வளைத்து, மீதியைக் காலிடம் விட்டுவிடலாம். அப்படித்தான் போனேன். பக்கத்தில் நீந்தியவர்கள் என்னை இரண்டு தரம் தாண்டினார்கள். பத்தாவது நீளத்தில் தோள் முணுமுணுக்கத் தொடங்கியது, பதின்மூன்றில் சத்தம் போட்டது. பதினாறாவது நீளத்தில் சுவரைத் தொட்டேன். பதினாறு!

பிறகு இழுவை. மச்சி தடாகத்தின் ஒரு கோடியில் மல்லாந்து கிடந்தாள். இடது கையால் அவள் நாடிக்குக் கீழ் பிடித்து, வலது கையால் தண்ணீரை இழுத்தேன். பிடித்திருக்கிற கைக்கு வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். அதற்குத்தான் எல்லா வேலையும். பாதித் தூரத்தில் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கையை மாற்றி வலதால் பிடித்தேன், இடதால் ஒரு இழுவை. அவ்வளவுதான். மச்சி நிஜமாகவே கீழே போய், இருமிக்கொண்டு மேலே வந்தாள்.

"மிஸ், அவங்க இப்ப உயிரோட இல்ல" என்றார் கொழும்புப் பெண்மணி. கேலி இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "தோள் சரி பண்ணி வாங்க. அடுத்த வருசம்."

விளிம்பில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மச்சி. அவர் அவளைப் பார்த்தார். "இவங்க நீந்துவாங்களா? ஒராள் வரயில்ல, இடம் இருக்கு. ஐ.டி. இருக்கா?"

மச்சி என்னைப் பார்த்தாள். "மதினி?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. நாலு வருடம், இருபத்திரண்டு இடுப்பு, பத்துக் கிழமை, ஒரு டியூப். பகிடி பண்ண வந்தவள் அவள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமல் அவள் எழும்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"ஐ.டி. பேக்குக்க இரிக்கி. எடுத்துக்குடுங்க" என்றேன்.

அவள் நீந்தினாள். இடப்பக்கம் ஒரு மூச்சு, வலப்பக்கம் ஒரு மூச்சு, கை உயர உயர சட்டை அசையாமல் கிடந்தது. நான் நீளம் எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்ணும்போது என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது. பதினாறு முடிந்தது. இழுவைக்கு ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? நான் இறங்கித் தடாகத்தின் ஒரு கோடியில் மல்லாந்தேன். அவள் கை என் நாடிக்குக் கீழே வந்தது. காதுக்குள் தண்ணீர் போய்விட்டது, அவள் சொன்னது தூரத்திலிருந்து கேட்டது.

"கால ஆட்டாதீங்க மதினி."

"ஆட்டல்லயே."

"ஆட்டுறீங்க. தத்தளிச்சு மயங்கினவங்க உதவி செய்யமாட்டாங்க. அந்த மிஸ் பாத்துக்கிட்டிரிக்கா. சும்மா கிடங்க, ஒருக்காவது சும்மா கிடங்க."

கால்களை நிறுத்தினேன். அந்த நீளம் முழுக்க, அவள் என்னைச் சுவரில் சேர்க்கும்வரை, என் உடம்பில் ஒன்றும் நோகவில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.